சிறகிகளோடு போன தோணி

தோணி கிடந்த இடத்தில் தோணி இல்லை. ஆனால் நான் முதலில் பார்த்தது அதையல்ல, தண்ணீரை. அது ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு காய்ந்த தென்னோலை என் கண்முன்னே வடக்குப் பக்கமாகப் போனது. அதற்குப் பின்னால் ஒரு கொத்துப் பாசி. யாருடைய வேலியிலிருந்தோ பிய்ந்து வந்த கிடுகு ஒன்று. எல்லாம் ஒரே திசையில், அவசரமில்லாமல், யாரோ கூப்பிட்டுப் போவதைப் போலப் போயின.

மழை விட்டிருந்த காலை. "பூமணி" என்று கூப்பிட்டேன். கரையோரத்துப் பன்கோரைப் புதருக்குள்ளிருந்து பதில் வரவில்லை.

போன கிழமை இந்தத் தொடரை, நான் முதன்முதல் வகுப்பில் பிரம்பு எடுத்த கதையோடு நிறுத்தினேன். இந்தக் கிழமை மகளைப் பற்றி எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். அவள் பிறந்த நாளிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். இரண்டு தாள் கிழிந்தது. அவளைப் பற்றி எழுதுவதென்றால் அந்தக் கரையிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

ஓடாத ஆறு

பள்ளிக்கூடத்தில் அதை மட்டக்களப்பு வாவி என்று படிப்பிப்பேன். வீட்டுக்கு வந்தால் ஆறு என்பேன். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது ஆறுதான். ஆனால் ஓடாத ஆறு.

அமிர்தகழிக்கு அப்பால், ஆறு கடலோடு சேரவேண்டிய இடத்தில், வருடத்தின் பெரும்பகுதி மணல்மேடு கிடக்கும். கடல் அந்தப் பக்கம் இரையும். ஆறு இந்தப் பக்கம் சும்மா கிடக்கும். அதனால் எங்கள் கரையில் ஒருவரும் தோணியைக் கட்டுவதில்லை. முகத்தை மணலில் ஏற்றிவிட்டால் போதும், அடுத்த நாளும் அது அங்கேயே இருக்கும். ஆற்றின் நடுவில் சவள் என்கிற துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டு முடிக்கலாம். தோணி நகராது.

மாரி வந்தால் கதை வேறு. மேற்கே இருந்து வருகிற வெள்ளமெல்லாம் ஆற்றில் விழும். போக வழியில்லாமல் ஏறும். ஆற்றுக்கு மேற்கே படுவான்கரை வயல்வட்டைகளில் விதைத்த பயிர் தண்ணீருக்குள் போகும். அப்போது விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள். அவர்கள் வெட்டுவது ஓர் ஆள் படுக்கிற அகலம்தான். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் அங்கே தெரு அகலத்தில் கடலுக்குள் பாயும்.

வெட்டுவதற்கு முதல் நாள் கரையூர்கள் எல்லாவற்றிலும் பறை அடிப்பார்கள். தோணிகளைத் தூக்கி மரத்தில் கட்டுவோம். பிள்ளைகளை வளவுக்குள் அடைப்போம். நான் பிறந்த நாளிலிருந்து அறிந்த ஒழுங்கு அது.

உலக யுத்தத்தின் நடுவில் வந்த அந்த மார்கழியில் மழை நிற்கவேயில்லை. அரிசிக் கப்பல் வருவதில்லை. கூப்பன் அரிசியில் பாதி கல்லும் புழுவும். இந்தப் பயிரும் அழுகினால் தை, மாசியில் என்ன தின்பது என்ற பயம் எல்லார் வீட்டிலும் இருந்தது. வெட்டுவதற்கு அரசாங்க உத்தரவு வரவேண்டும், வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. படுவான்கரைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே வந்து வெட்டிவிட்டார்கள். உத்தரவில்லாத வேலைக்குப் பறை அடிக்க முடியுமா?

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்று காலை நானே அரிசியில்லாமல் குரக்கன் அரைத்துக்கொண்டிருந்தவள்.

அடைக்கோழி கைவிட்ட குஞ்சுகள்

பூமணிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். காய்ச்சல் எங்கள் பக்கத்தை அள்ளிக்கொண்டு போன வருடத்தில் போனான். அவனுக்குக் கொயினா மருந்து கரைத்துக் கொடுத்த கிண்ணத்தை எத்தனை முறை சாம்பல் போட்டுக் கழுவியும் கசப்புப் போகவில்லை என்று எனக்குத் தோன்றும். என் கணவர் ஒரு நாள் சொல்லாமல் அதைக் கொண்டுபோய் எங்கோ எறிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பூமணியை நான் வேலிக்கு வெளியே விட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வருவாள், என்னோடு திரும்புவாள். மற்றப் பிள்ளைகள் ஆற்றில் குதிக்கிற சத்தத்தை வேலிக்குள்ளிருந்து கேட்பாள். தும்மினால் நெற்றியில் கை வைப்பேன். அவள் சின்ன வயதிலேயே தும்மலை அடக்கப் பழகிவிட்டாள்.

அடுத்த வளவு மீன்காரர் தம்பிராசா, பாய்க்குப் பன் வெட்டப் போன இடத்தில் ஒரு கூட்டைக் கண்டு, முட்டைகளைச் சால்வையில் முடிந்து கொண்டுவந்தார். சிறகி முட்டை. சிறகி என்றால் காட்டுத் தாரா. நாட்டுத் தாராவைவிடச் சிறியது, செம்மண் நிறம். பறக்கும்போது கத்தாது, சீழ்க்கையடிக்கும். பொரித்துத் தின்னத்தான் கொண்டுவந்தார். பூமணி வேலிப் பொட்டுத் துவாரத்தால் பார்த்துவிட்டு, அதுகள் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவருக்குப் பொரிக்க மனம் வரவில்லை. அடைகிடந்த எங்கள் கோழிக்குக் கீழே வைத்தோம்.

ஓட்டை உடைத்து வந்த குஞ்சுகள் அடுத்த நாளே மழைத்தண்ணீர்க் குட்டையில் இறங்கிவிட்டன. கோழி கரையில் நின்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. குட்டைக்குள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது பூமணி. குஞ்சுகள் அவள் காலைச் சுற்றின. அன்றிலிருந்து அவள்தான் தாய்.

காகம் ஒன்றைத் தூக்கியது. கீரி ஒன்றை. மூன்று தப்பின. அவள் எழும்பினால் எழும்பும், இருந்தால் இருக்கும். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வரும். தம்பிராசா என்னைப் பார்த்துக் கேட்பார்:

"உங்கட பள்ளிக்கூடப் புள்ளைகள் எப்பவாவது இப்படி வரிசையாப் போயிருக்குதுகளா ரீச்சர்? மகளைப் படிப்பிக்க விட்டிட்டு நீங்க வீட்ட இரிங்க."

குஞ்சுகள் வளர வளரக் குட்டை போதவில்லை. ஆறு வேண்டியிருந்தது. அவற்றுக்காகத்தான் நான் வேலியைத் திறந்தேன். தம்பிராசாவின் பழைய சிறு தோணியை எடுத்து, கரையோரப் பன்புதருக்குள் முகத்தைச் செருகிவிட்டு அதில் இருப்பாள். சிறகிகள் சுற்றிவர மேயும். நான் வளவுக்குள்ளிருந்து அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவள் வாயால் பதில் சொல்லமாட்டாள். சிறகியைப் போலச் சீழ்க்கையடிப்பாள். அது கேட்டால் எனக்கு மூச்சு வரும்.

அந்த மாதங்களில் அவள் கன்னம் கறுத்து, கால் உரம் பிடித்தது. சத்தமாகத் தும்மினாள்.

கத்தரிக்கோல்

மாலையில் காட்டுச் சிறகிகள் கூட்டமாக எங்கள் கூரைக்கு மேலால் போகும். சத்தம் கேட்டதும் எங்கள் மூன்றும் மேய்ச்சலை விட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சரித்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். கூட்டம் மறைந்த பிறகும் அப்படியே நிற்கும்.

பூமணி அதைக் கண்டுவிட்டாள். இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வழக்கம்போல நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனிடம் போய்க் கேட்டாள். தம்பிராசா மாமா தன் வீட்டுத் தாராக்களுக்கு ஒரு பக்கத்துச் சிறகை நறுக்கி விடுகிறாரே, எங்களுடையவற்றுக்கும் நறுக்கிவிடச் சொல்லி. அவர் தான் வேலை பார்க்கிற கந்தோரில் கடுதாசி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்தார். ஒவ்வொன்றாக அவளே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நோகாது என்று அவற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் நோகாதுதான். நகம் வெட்டுவது மாதிரி.

"இறகு முளைக்கும் மகள். கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் அவர்.

"முளைச்சா மறுகா வெட்டுவம்" என்றாள்.

அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள். எங்களுக்கும் அது போதுமாக இருந்தது.

சீழ்க்கை

விடுமுறைக் காலம். கணவர் பட்டணத்தில் கந்தோருக்குப் போய்விட்டார். மழை விட்டதும் பூமணி சிறகிகளோடு இறங்கினாள். தண்ணீர் முற்றத்து விளிம்பு வரை ஏறியிருந்தாலும் அசையாமல்தான் நின்றது. நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

திரிகையில் குரக்கன் அரைத்துக்கொண்டிருந்தேன். கல் சுற்றுகிறபோது வேறு சத்தம் கேட்காது. அதனால் இடையிடையே நிறுத்திக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் சீழ்க்கை வந்தது. கடைசியாகக் கேட்டது அவளுடையதா, மேலே போன ஏதோ கூட்டத்தினுடையதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் கேட்கவும் இல்லை.

மாவை வழித்துச் சுளகில் போட்டுவிட்டு எழுந்து கரைக்கு வந்தேன். தென்னோலை போய்க்கொண்டிருந்தது.

என் கூச்சல் கேட்டு வந்த தம்பிராசா தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆத்துவாய வெட்டிப்போட்டானுகள், ரீச்சர்."

பறை அடிக்கவில்லையே என்றேன். அதைச் சொன்னால் தண்ணீர் திரும்பி வந்துவிடும் என்பதுபோல இன்னொரு தடவையும் சொன்னேன். அவர் தன் பெரிய தோணியைத் தள்ளினார். என்னைக் கரையில் நிற்கச் சொன்னார். நான் அதற்குள் ஏறிவிட்டிருந்தேன்.

"ஏறினா இரிங்க. எழும்பாதீங்க. அழுறதெண்டாலும் இருந்து அழுங்க."

அவர் தண்டு வலிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. தோணியை நேராக வைத்திருக்க மட்டும் சவளைத் தொட்டுக்கொண்டிருந்தார். மிச்சத்தை ஆறு செய்தது. நான் பிறந்து வளர்ந்த ஆறு, ஒருநாளும் என்னை ஓரிடத்துக்கும் கொண்டுபோகாத ஆறு, எங்களை இழுத்துக்கொண்டு போனது.

கோயில் பக்கத்து வளைவு தாண்டியதும் கண்ணாமரத்து வேர்களில் துணிமூட்டைகளோடு ஒரு தோணி கட்டிக் கிடந்தது. நெஞ்சளவு தண்ணீரில் ஆதம்பாவா காக்கா நின்றார். காத்தான்குடியிலிருந்து சாரமும் சேலையும் கொண்டுவந்து கரையூர்களில் விற்கிற முஸ்லிம் வியாபாரி; காக்கா என்றால் அண்ணன். பூமணிக்குப் பாவாடைத் துணி கிழித்துக் கொடுக்கிறவரும் அவர்தான். கையில் கயிறு இருந்தது.

"புள்ள இதால போச்சு ரீச்சர்" என்றார். "இந்த இடத்தில தண்ணி எனக்கு நெஞ்சுக்குத்தான். குதி மகள், காக்கா பிடிக்கிறன் எண்டன். அவ அந்தக் குருவிகள ஒவ்வொண்டாத் தோணிக்குள்ள ஏத்திறா. அதுகள விட்டிட்டுக் குதி எண்டன். 'அதுகளுக்குப் பறக்க ஏலா காக்கா, நாந்தான் வெட்டச் சொன்னன்' எண்டு சொல்றா. கயிறு எறிஞ்சன். எட்டல்ல."

அவர் எங்கள் தோணியில் தொற்றி ஏறினார். நனைந்த சாரம் என் காலில் பட்டது.

வெட்டுவாய்

கடல் இரைச்சலை எனக்குத் தெரியும். அதற்கு அடியில் வேறொரு இரைச்சல் கேட்டது, கனமாக, தொண்டைக்குள்ளிருந்து வருவதைப்போல. இரண்டு பக்கத்து மணலும் பாண்ரொட்டி வெட்டுவது போலத் துண்டு துண்டாகச் சரிந்து விழுந்தது. தண்ணீர் மண்ணிறமாக வளைந்து கடலுக்குள் இறங்கியது. இரு கரையிலும் மண்வெட்டிகளோடு ஆட்கள்.

தம்பிராசா தோணியை ஓரமாகச் செருகி மணலில் ஏற்றினார். நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

வெட்டுவாய்க்குச் சற்று முன்னால் யாரோ மீன்கட்டுக்காக நட்டிருந்த கம்புகள் நின்றன. அவற்றில் சிறு தோணி கவிழ்ந்து மாட்டியிருந்தது. அதன் அடியைத்தான் பார்த்தேன். பாசி பிடித்த அடி. வேறெதுவும் இல்லை.

ஆற்றை வெட்டிவிட்ட அதே ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கி வரிசையாக நின்றார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து, கை எட்டாத இடத்தில் மண்வெட்டிப் பிடியைப் பிடித்து. கடைசி ஆள் கழுத்தளவில் நின்றான். அவன் கையில் ஒரு பின்னல் இருந்தது. பின்னலைப் பிடித்து இழுத்துத்தான் என் மகளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

மணலில் கிடத்தினார்கள். கண் திறந்திருந்தது. வயிற்றில் அமுக்கித் தண்ணீர் எடுக்கவேண்டும் என்று ஒருவர் குப்புறப் போடப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பூட்டியிருந்தாள். அந்தப் பூட்டை மூன்று ஆண்களால் திறக்க முடியவில்லை. பிறகு நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

சட்டைக்குள் ஒன்று இருந்தது. கைகளுக்குள் ஒன்று. இரண்டும் சூடாகவே இருந்தன. கழுத்துத் துவண்டிருந்தது. ஓரிடத்திலும் காயமில்லை. மூன்றாவதை ஒருவரும் காணவில்லை.

அவள் இருமினாள். தண்ணீர் வந்தது. பிறகு மூச்சு வந்தது. ஆதம்பாவா காக்கா மணலில் உட்கார்ந்து தன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டேயிருந்தார்.

கூட்டத்தில் ஒரு இளம் ஆள் செத்த பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வயற்காரன், சிறகியை அறிந்தவன், பார்த்ததைச் சொன்னான்:

"சிறகிதானே. தண்ணியில விட்டிருந்தா தன்பாட்டில நீந்திப் போயிருக்கும்."

பக்கத்தில் நின்றவர் அவன் முழங்கையில் இடித்தார். அதற்குள் பூமணியின் கண் அவன் பக்கம் திரும்பிவிட்டது.

புது அரிசி

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கொயினா கரைத்தேன், வேறு கிண்ணத்தில். காய்ச்சல் போனது. பேச்சு வரவில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையசைப்பாள். கூப்பிட்டால் எழும்பி வந்து முன்னால் நிற்பாள். சீழ்க்கை மட்டும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை.

அந்த வருடம் படுவான்கரை வயல்கள் தப்பின. அறுவடை முடிந்ததும் ஒரு வண்டி எங்கள் வாசலில் நின்றது. புது அரிசி ஒரு மூடை. பின்னலைப் பிடித்து இழுத்த ஆள் கொடுத்தனுப்பியிருந்தார், பிள்ளைக்குப் பொங்கிக் கொடுக்கச் சொல்லி. அவள் இதைத் தொடமாட்டாள் என்று நான் நினைத்தேன். அவள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பசித்த பிள்ளை. எனக்குத்தான் இறங்கவில்லை.

பங்குனி வாக்கில் பேச்சு வந்தது. முதலில் வந்தது உப்புக் கேட்டுத்தான். நான் அடுப்படியில் நின்று அழுதேன். என் கணவர் வெளியே போய் நின்றார்.

பறவைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. நாங்கள் சொல்லவுமில்லை. என்றாவது கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்காகப் பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். கடலுக்குள் போனால் நாட்டுத் தாராவும் பிழைக்காது என்பது ஒன்று. அலை அடித்திருக்கும் என்பது இன்னொன்று. பாடம் நடத்துகிறவள் அல்லவா, வகுப்புக்குப் போகுமுன் குறிப்பு எழுதுவதைப் போல மனதில் எழுதி வைத்திருந்தேன்.

போன மார்கழியில் ஆற்றுவாய் வெட்டுவதாகப் பறை அடித்தார்கள். அவள் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். பார்க்கப் போகவேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். நீங்களும் வாருங்கள் என்றாள். அவள் தனியே போய்விடுவாளோ என்ற பயத்தில் போனேன்.

நிறையச் சனம். தேங்காய் உடைத்துவிட்டு வெட்டத் தொடங்கினார்கள். முதலில் ஒரு வாய்க்கால் போல நூலாக ஓடியது. பிறகு கரை சரியத் தொடங்கியது. அந்த இரைச்சல் வந்தது. அவள் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பிடிச்சிருக்காட்டி அதுகள் தப்பியிருக்கும், என்ன?"

ஆயத்தமாக வைத்திருந்த பதில்கள் எல்லாம் இருந்தன. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"ஓம், மகள்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அழவில்லை. தெரிந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்க வந்தவளைப் போலிருந்தாள். தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

"அம்மா" என்றாள் மெல்ல. "கை நோகுது."

குனிந்து பார்த்தேன். வீட்டு வாசற்படலையில் பிடித்த அவளுடைய மணிக்கட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள் விரல்கள் இரத்தம் ஓடாமல் வெளுத்திருந்தன.

பிடியைத் தளர்த்தினேன். விடவில்லை.